பலகைக்கு அடியில் தென்னை நார்

அந்த வீட்டின் கம்பளம் தானாக எழும்பி இறங்குவதை முதலில் கைபேசியில்தான் பார்த்தேன். என் தம்பி ஸ்காட்லாந்தில் பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐப்பசி மாதத்தில் ஒருநாள், எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவர்களுக்குக் காலை, வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். நாலு மாதக் குழந்தையைக் காட்டுவதற்காக அவள் கைபேசியைத் தாழ்த்தினாள். சுவரோரத்தில் கம்பளம் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பியது. யாரும் அதைத் தொடவில்லை. மெல்ல இறங்கி, மறுபடியும் எழும்பியது.

“கம்பளத்துக்கு அடியில என்னம்மா அது, எலியா?” என்று கேட்டேன்.

“எலி இல்ல அண்ணி, காத்து. வெளியில காத்தடிச்சா இப்படித்தான். ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டாலும் கால் மரத்துப்போகுது. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல இவ தவழ ஆரம்பிச்சிடுவா. எங்க விடறதுன்னு தெரியல.”

ஒரு ஊதுபத்தி இருந்தால் கொளுத்திச் சுவரோரம் காட்டச் சொன்னேன். சாமி மாடத்திலிருந்து எடுத்து வந்து காட்டினாள். புகை மேலே போகவில்லை. தரையோடு படுத்து அறைக்குள் ஓடியது.

அது பழைய கல் வீடு. அந்த ஊரில் அப்படிப்பட்ட வீடுகளில் தரை மண்ணின் மேல் இருப்பதில்லை. மண்ணுக்கு மேல் இரண்டடி வெற்றிடம் விட்டு, குறுக்கே மரச்சட்டங்கள் போட்டு, அவற்றின் மேல் பலகை அறைந்திருப்பார்கள். கீழே புகுகிற குளிர்காற்று பலகை இடுக்கு வழியாக அறைக்குள் வந்துவிடும். சித்திரையில் வெறுந்தரையில் படுத்தால்தான் உடம்பு ஆறும் என்கிற ஊர்க்காரி நான். தரையே ஒரு குழந்தைக்கு எதிரியாகும் என்பது எனக்குப் புதிய பயம். அன்று சாப்பாட்டை அப்படியே மூடிவைத்தேன்.

நான் பேராவூரணியில் ஒரு தென்னை நார் மில்லில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்ததால் சோதனை அறை என் பொறுப்பு. செடி வளர்க்க வெளிநாட்டுக்குப் போகும் தேங்காய் மட்டைத்தூள் கட்டிகளில் உப்பும் ஈரமும் எவ்வளவு என்று பார்த்துச் சீட்டு எழுதுவேன். மில்லின் இன்னொரு பக்கத்தில் நாரைப் பரப்பி, ரப்பர் பால் தெளித்து அழுத்தி, மெத்தைக்கான தகடுகள் செய்வார்கள். அந்தத் தகட்டில் மூன்று விரல் கனத்துக்கு ஒன்றைச் செய்து மரச்சட்டங்களுக்கு நடுவே செருகினால் காற்று நிற்காதா என்று தோன்றியது. தம்பியிடம் சொன்னேன்.

“இங்கயே கடையில கிடைக்குதுக்கா, கண்ணாடி நார் மாதிரி ஒண்ணு. தொட்டா கையெல்லாம் அரிக்கிது. பாப்பா இருக்கற வீட்ல வேணாம்னு இவ சொல்றா. நீ செஞ்சு அனுப்பு, நான் போட்டுக்கறேன்.”

அவன் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது. மில்லில் நான் தவறு செய்தால் ஒரு மூட்டை திரும்பி வரும். இது குழந்தை படுக்கிற தரை.

முதலாளியிடம் அனுமதி கேட்டேன். ஓரம் வெட்டிய துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சோதித்துப் பார்க்கக் குளிர் வேண்டும். பேராவூரணியில் குளிருக்கு எங்கே போவது? என் கணவர் லோடு ஆட்டோவில் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றுபவர். அவர்தான் மல்லிப்பட்டினம் பக்கம் தனக்குத் தெரிந்த ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப்போனார். அதைப் பார்த்துக்கொள்பவர் முன்பு கடலுக்குப் போனவர். முதுகெலும்பில் அடிபட்ட பிறகு படகை விட்டவர். ஐஸ் பார்களை அடுக்கிவைக்கும் ஒரு தொட்டியை எனக்காக ஒதுக்கிக் கொடுத்தார். அதன் வாய்க்கு அளவாகச் சட்டமும் பலகையும் வைத்து மூன்றடிச் சதுரத்தில் ஒரு தரை செய்து மூடினோம். கீழே ஐஸ், நடுவே என் நார்த்தகடு, மேலே பலகை. பலகையின் மேல் ஒரு தெர்மாமீட்டர்.

முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. தகடு வைப்பதற்கு முன் பலகை கையைக் கடித்தது. வைத்த பிறகு சாதாரணமாக இருந்தது. நான்காம் நாள் மழையில் போய்ப் பலகையைத் தூக்கினால், தகடு தொப்பலாக நனைந்து நடுவில் தொங்கியது. சட்டத்துக்கும் அதற்கும் இடையே கை நுழையும் இடைவெளி. எடுத்து வந்து மில் தராசில் வைத்தேன். வைக்கும்போது இருந்த எடையைப் போல இரண்டு மடங்கு. ஒரு வாரம் ஒரு மூலையில் போட்டுவைத்ததில் அடைமழைக் காலத்து மூடிய அறையின் வாடை வந்தது.

அந்த வாடை என்னோடு வீட்டுக்கும் வந்தது. சோறு வடிக்கும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது. அதன் மேல் குழந்தை தவழ்வதாகக் கனவு கண்டேன். தம்பிக்குப் போன் செய்து, இது சரிப்படாது, கடையிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிடலாமென இரண்டு முறை எண்ணை அழுத்தி நிறுத்தினேன்.

அடுத்த முறை போனபோது ஐஸ் கம்பெனிக்காரரிடம் நார் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு வந்து பலகையைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார்.

“நாரு எங்கேந்து தங்கச்சி தண்ணி குடிக்கும்? கீழ ஐஸு கரைஞ்சு மேல ஏறுமா? நம்ம காத்துல இருக்கற தண்ணிதான் இது. நீ பலக இடுக்கெல்லாம் திறந்து போட்டிருக்க. மேலேந்து சூடான காத்து எறங்கி, கீழ குளிர்ச்சியில பட்டு வேர்த்துப் போவுது. மீன் பெட்டிக்கு மூடி ஏன் இறுக்கமா போடறோம்னு நெனக்கிற?”

இயற்பியல் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியும்தான், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் குளிரை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில், மனிதர்கள் மூச்சுவிட்டுச் சமைத்துக் குளித்து ஈரமாக்கும் அறைக்காற்றை மறந்துவிட்டேன். பலகைக்கும் தகட்டுக்கும் இடையே, அதாவது அறையின் பக்கம், இணைப்பில்லாத ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டினேன். கீழ்ப்பக்கம் மூடவில்லை, தகடு தொங்காமல் இருக்க மீன் வலைத் துண்டைச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டி, அதில் கிடத்தினேன்.

பத்து நாள் கழித்துத் திறந்தோம். நான் தொடவில்லை, அவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“காஞ்சுதான் கெடக்கு,” என்றார். “ஓரத்துல கொஞ்சம் ஈரம். அது உன் டேப்பு பிரிஞ்ச இடம்.”

டேப்பை மாற்றினேன். பிறகு நெருப்புப் பயம் வந்தது. பலகைக்கு அடியில் மின்சார ஒயர் ஓடும் என்று தம்பி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். நாரைத் தீப்பிடிக்காமல் தடுக்கும் போராக்ஸ் உப்புக் கரைசலில் முக்கிக் காயவைத்து, மில்லின் பின்புறம் நின்று அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரால் கொளுத்திப் பார்த்தேன். கருகியது, பற்றவில்லை. இருபது துண்டுகளைக் கொளுத்தினேன். இருபதும் பற்றவில்லை. இருபத்தொன்றாவது பற்றினால் என்ன செய்வது என்று அதற்குப் பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் மில்லின் மட்டைத்தூள் கட்டிகள் அந்த நாட்டுக்குப் போன கண்டெய்னரில், அதே கரைசலில் முக்கிக் காயவைத்த என் தகடுகளும் போயின. மாசிக் கடைசியில் தம்பி ஒரு வேனை எடுத்துக்கொண்டு கட்டிகள் இறங்கிய கிடங்குக்குப் போய் வாங்கி வந்தான். எப்படிப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் படம் வரைந்து அனுப்பியிருந்தேன். முன்னறையின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, வலை கட்டி, தகடு வைத்து, ஷீட் ஒட்டி, திரும்ப ஆணி அடிக்க அவனுக்கு மூன்று விடுமுறை நாட்கள் பிடித்தன. முடித்ததும் அவன் மனைவி மறுபடி ஊதுபத்தி கொளுத்திக் காட்டினாள். புகை நேராக மேலே போனது. குழந்தை கம்பளத்தில் தவழ்ந்து வந்து கைபேசியை நக்கியது.

“கம்பளம் இப்ப அடங்கிக் கெடக்கு அண்ணி,” என்றாள். அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

முதலாளியும் சந்தோஷப்பட்டார். அங்கே எங்கள் கட்டிகளை வாங்குகிறவர் கண்டெய்னரை இறக்கும்போது தகடுகளைப் பார்த்து விசாரித்திருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஐஸ் கம்பெனியில பாத்ததெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இது குளிர் தாங்கும், ஈரம் தாங்கும்னு. அவங்களுக்கு அனுப்பணும்.”

“ஒரு குளிர்காலம் முழுசா போகட்டும் சார். தம்பி வீட்டுத் தரையத் திறந்து பாத்துட்டு எழுதறேன்.”

“தம்பி வீடு நல்லாத்தான இருக்கு?”

“மேல நல்லா இருக்கு சார். அடியில எப்படி இருக்குன்னு தெரியல.”

அவர் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு தினமும் காலையில் சோதனை அறையைக் கடக்கும்போது, “பேப்பர் ஆச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

பங்குனியில் குழந்தைக்கு இருமல் வந்தது. முதலில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். பிறகு ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது இருமுவதைக் கேட்டேன். வறண்ட, நிற்காத இருமல். பூசணத்தால் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. மில்லில் அலமாரிக்கு அடியில் வைத்திருந்த மிச்சத் தகட்டை எடுத்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. அடுத்த நாளும் மோந்தேன். பேராவூரணியில் வாடை இல்லாவிட்டால் ஸ்காட்லாந்திலும் இருக்காது என்று யார் சொன்னது?

“அண்ணி, நானும் நர்ஸ்தானே,” என்றாள் தம்பி மனைவி. “இது டே கேர்ல ஒட்டிக்கிட்ட சளி. அங்க பாதிப் புள்ளைங்களுக்கு இருக்கு. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க.”

சரி என்றேன். ஆனால் வீட்டைச் சுற்றிலும் நடந்து, வெளிச்சுவரை அடியிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. தம்பி எட்டுப் படங்கள் அனுப்பினான். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த வீடுகளின் வெளிச்சுவரில், பலகைத் தரையைவிடக் கொஞ்சம் தாழ்வாக, இரும்புச் சல்லடை போட்ட ஓட்டைகள் இருக்கும். பலகைக்கு அடியில் மண்ணின் ஈரம் தங்கிவிடாமல் காற்று வந்துபோவதற்காக வைத்தவை. படத்தில் ஒரு ஓட்டைக்குள் பழுப்பாக, நன்றாகத் திணித்து அடைத்தபடி, என் நார்த்தகடு இருந்தது.

உடனே அழைத்தேன். பணியில் இருந்தான், எடுக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

“ஓட்டைய ஏண்டா அடைச்ச?”

“மிச்சம் இருந்துச்சுக்கா. காத்து அது வழியாத்தான உள்ள வருது. ஒரு பக்கம் மூணு ஓட்டையும் அடைச்சேன். அதுக்கப்பறம் இன்னும் கதகதப்பா இருந்துச்சு.”

“நான் எழுதி அனுப்பினதுல...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். மேசையிலிருந்த நகலை எடுத்துப் பார்த்தேன். வலை, தகடு, ஷீட், டேப், ஆணி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். வெளி ஓட்டைகளை அடைக்காதே என்று எங்கும் எழுதவில்லை. அதை யார் அடைப்பார்கள் என்று நினைத்திருக்கிறேன். காற்றை நிறுத்துவதற்காக இத்தனை பாடுபட்டவனிடம், இந்தக் காற்றை மட்டும் விட்டுவிடு என்று நான் சொல்லவேயில்லை.

“தப்பு என்னுதுடா,” என்றேன். “ஞாயித்துக்கெழம அந்த மூலைப் பலகையப் பிரிச்சு எனக்குக் காட்டு.”

ஞாயிறு வரை மூன்று நாட்கள். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், சீட்டுகளில் எண்களை மாற்றி எழுதி ஒருமுறை திட்டும் வாங்கினேன். “திறந்து பாத்தாத் தெரிஞ்சிடப் போவுது, அதுக்குள்ள ஏன் செத்துப் பொழைக்கிற?” என்று என் கணவர் கேட்டார். தெரிந்துவிடும் என்பதுதான் என் பயம் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல், பங்குனி வெயிலில் மின்விசிறி அனலை இறைத்துக்கொண்டிருந்தது. கைபேசியைச் செம்பின் மேல் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி கம்பளத்தைச் சுருட்டினான். ஆணி பிடுங்கும் கம்பியால் இரண்டு பலகைகளை நெம்பினான். பின்னால் அவன் மனைவியின் தோளில் குழந்தை இருமியது. ஷீட்டைக் கத்தியால் கீறித் தகடு ஒன்றை உருவினான்.

“எப்படிடா இருக்கு?”

அவன் தகட்டைக் கீழே வைத்தான். கைபேசியின் விளக்கைப் போட்டு அதைக் குழிக்குள் இறக்கினான். ஒரு கணம் இருட்டு, பிறகு ஈர மண், பிறகு தலைகீழாக என் தகடுகள். அடைத்த ஓட்டைக்குப் பக்கத்தில் அவை கறுத்திருந்தன. மரச்சட்டத்தின் ஓரம் நெடுக, பழைய சோற்றில் பூப்பதுபோல, வெள்ளையாகப் பூசணம். படம் உறைந்து நின்றது. தொடர்பு அறுந்தது.

மறுபடி அழைத்தேன், கிடைக்கவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். அவனே கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. கையில் நார்த்தகட்டுத் துண்டுகள் மூன்று.

“ஓட்டைல இருந்தத எல்லாம் புடுங்கிட்டேன்க்கா. அந்த மூலைல நாலு தகடு ஈரம். சட்டம் கெட்டியாத்தான் இருக்கு, கத்தி எறங்கல. மேலாலதான் பூத்திருக்கு, தொடச்சா போயிடுது. எதிர்ப்பக்கம் ரெண்டு பலகை பிரிச்சுப் பாத்தேன். அங்க ஓட்டை தொறந்து இருக்குல்ல, தகடு சரசரன்னு காஞ்சு கெடக்கு. வேணும்னா சத்தம் கேளு.”

கைபேசிக்குப் பக்கத்தில் வைத்துத் தகட்டைக் கசக்கினான். சருகுபோல ஒலித்தது. நான் அழுதேன். தம்பி மனைவி கைபேசியை வாங்கி, “அண்ணி, ஈரமா இருந்த நாலையும் வெளியில போட்டாச்சு. மூலைய ஒரு மாசம் திறந்தே வைக்கிறோம். அதுவரைக்கும் பாப்பாவ அந்த ரூமுக்குக் கொண்டுபோக மாட்டோம். போதுமா?” என்றாள். அவள் குரலில் கொஞ்சம் சலிப்பு இருந்தது. அது நியாயம்தான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் இருமல் நின்றது. டே கேரில் மற்றக் குழந்தைகளுக்கும் அதே சமயத்தில்தான் நின்றதாம். என் நாரால் வந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலிருப்பதற்குப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலாளியிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். பூசணப் படத்தையும் காட்டினேன். கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

“இத ஏம்மா எனக்குக் காட்டற? நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?”

“வாங்கறவங்க வீட்லயும் மிச்சம் இருக்கும் சார். அவங்களும் அடைப்பாங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், “சரி, எப்படிப் போடணும், எங்க போடக் கூடாதுன்னு முதல்ல எழுது. அந்தக் கையெழுத்து அப்பறம் பாக்கலாம்,” என்றார். எழுதினேன். ஓட்டைகளை அடைக்கக் கூடாது என்பதை முதல் வரியாக, பெரிய எழுத்தில் வைத்தேன். தம்பி மனைவி அதை அந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாள்.

அடுத்த மார்கழியில் முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் ஊட்டியில் தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றுக்குத் தகடு கேட்டார். நேரில் பார்க்காமல் தரமாட்டேன் என்றேன். பஸ் செலவு மில் கொடுத்தது. அந்த பங்களாவைக் காவல் காக்கும் தம்பதிதான் உள்ளே இருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி மரத்தரையில் கால் வைத்தேன். குளிர் உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு முழங்கால் வரை ஏறியது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் எண்களில் எழுதிக்கொண்டிருந்தது இதுதானா என்று நின்றுவிட்டேன்.

“பழகிடும்மா,” என்றார் காவல்கார அம்மா. அவர் மூன்று சாக்குகளை மடித்துப் போட்டு அவற்றின் மேல் நின்று சமைத்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே போய்ச் சுவரோரம் வயிறு பதியப் படுத்து டார்ச் அடித்தேன். பூச்செடிக்காகக் கொட்டிய மண் ஓட்டைகளைப் பாதிக்குமேல் மூடியிருந்தது. உள்ளே மண் ஈரத்தில் பளபளத்தது.

“இப்ப நாரு போட முடியாதும்மா,” என்றேன் அவரிடம். “முதல்ல இந்த மண்ண வாரணும். ஏழு ஓட்டையும் வெளிய தெரியணும். உள்ள காஞ்சப்பறம் நான் வந்து போட்டுத் தரேன்.”

“அதுவரைக்கும் இந்தக் குளிரு?”

“கம்பளம் அனுப்பறேன்,” என்றேன். அது தீர்வல்ல என்று இருவருக்கும் தெரியும். அவர் கணவர் மண்வெட்டியை எடுத்து வந்தார். முதல் இரண்டு ஓட்டைகளை நானும் சேர்ந்து வாரினேன்.

பஸ் மலையிறங்கும்போது அந்த அம்மா போன் செய்தார். நாலாவது ஓட்டையையும் தோண்டியாயிற்று, உள்ளேயிருந்து ஒரு தவளை வந்தது, அதனால் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். போனை வைத்த பிறகு, தவளை இருந்தால் அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.